எல்லாப் போனுக்கும் வைத்த பொட்டு

நாலு மழைக்காலமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். எழுதுவதற்கென்று வாங்கிய கொப்பியில் என் மனைவி கோலம் போட்டுப் பழகி முடித்துவிட்டாள். இரண்டாவது கொப்பி வாங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் விளக்கேற்றும்போது, "தாயே, வர்ற வாரம் எழுதிடுறேன்" என்று சொல்லுவேன். அம்மனும் பொறுத்துக்கொண்டே இருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு ரப்பர் பால் வெட்டப் போனவன். ஆனால் எழுத்து வராது என்பதற்காகத் தயங்கவில்லை. எழுதினால் நான் செய்தது வெளியே வரும். எழுதாவிட்டால் ஒரு நல்ல மனுசியின் பெயர் கெட்டபடியே கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் பேச்சு இப்படித்தான் போகிறது: "போன் மிஸ் வெச்ச பெட்டி ஏமாத்திருச்சு. அதுனாலதான் அந்த மனுசனுக்குக் கால் போச்சு." கால் போனது மெய். பெட்டி ஏமாற்றவில்லை.

போன் மிஸ் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த மிஸ்ஸின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்பதற்கு அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பதும், படித்துக் கொழும்புக்குப் போனவர் என்பதும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. எதையும் தேவைக்கு மேல் சொல்லாத ஆள். கையில் ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, காலில் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. வயது நாற்பது இருக்கும். அட்டை ஏறினால் கூச்சல் போடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார்.

தோட்டத்தில் எங்கள் பகுதி, மேல் டிவிசன், கித்துல்கலைக்கு மேலே, இரண்டு மலைக்கு நடுவில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு போன் உண்டு, சிக்னல் கிடையாது. பேசவேண்டுமென்றால் கோயிலைத் தாண்டி மேட்டுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்கரை. மழை கூடினால் அது இறங்கும் என்று ஆபீசிலிருந்து அதிகாரி மாத்தயாமார் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு நாங்கள் அங்கேயேதான் இருப்போம். வேறு எங்கே போக?

அந்தக் கரைக்காகத்தான் மிஸ் வந்தார். மலை உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மழையை அளக்கிற ஒரு பெட்டியை நட்டார். எவ்வளவு பெய்தது என்று அது அளந்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதன் குரல் எட்டுவது ஒரு கூப்பிடு தூரம்தான். பக்கத்தில் ஒரு போன் போனால் அந்தப் போனுக்குச் சொல்லும். அந்தப் போன் இன்னொரு போனுக்குப் பக்கத்தில் வந்தால் அதற்குச் சொல்லும். அப்படி ஆள்மாறி ஆள்மாறிச் செய்தி கீழே இறங்கி வரும். சிக்னல் தேவையில்லை. மழை அளவு தாண்டிவிட்டால் போன் மணி அடிக்கும்.

கேட்க எளிதாக இருந்தது. அதற்கு அவர் செய்த வேலைதான் எனக்கு விளங்கவில்லை. வந்த முதல் இரண்டு கிழமை அவர் எந்தப் போனையும் தொடவில்லை. பால் நிறுக்கிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், யாரோடு நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கொப்பியில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இவங்க என்னடி, கல்யாணத் தரகரா? யாரு யாரோட பேசுறாங்கன்னு எழுதுறாங்க?" என்று ஒருத்தி வாளியை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"எழுதட்டும், எழுதட்டும். எங்க வீட்டுக்காரரு யாரோட பேசுறாருன்னு கடைசில எனக்கும் ஒரு கொப்பி குடுக்கச் சொல்லு" என்றாள் மற்றவள்.

மிஸ் தலையைத் தூக்காமலே சொன்னார்: "உங்க வீட்டுக்காரரு யாரோடயும் பேசலைங்க. பத்து நாளா பாக்குறேன். வர்றாரு, பால ஊத்துறாரு, போறாரு. அவரால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

வாளிகள் குலுங்கச் சிரித்தார்கள்.

அந்தக் கோடுகளைப் பார்த்து அவர் ஆறு பேரைத் தெரிந்தெடுத்தார். உச்சி மலையில் பால் வெட்டுகிறவர் ஒருவர். ஸ்டோரில் நிறுக்கிறவர். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா. மழை நாளில் பால் வெட்டு இருக்காது, யாரும் மேலே போகமாட்டார்கள் என்பதால், மழையோ வெயிலோ தினமும் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் திறந்துவிடுகிற நான். இன்னும் இரண்டு பேர். எங்கள் ஆறு பேருடைய போன்தான் செய்தியை வைத்திருந்து கொடுக்கும். மற்றப் போன்கள் தூங்கும். கால் மணிக்கு ஒரு தரம் கண் விழித்து, பக்கத்தில் செய்தி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கும். செய்தி சுமக்கிற போனில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தெரியும். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினால் அந்தப் போன் பச்சையை வேறொரு போனுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் தூங்கிவிடும். அப்போது கரண்ட் வெட்டுகிற காலம். சார்ஜ் என்பது பால்மாவைப் போல அளந்து செலவழிக்கிற பொருளாக இருந்தது.

எங்கள் பெண்கள் அந்தப் பச்சைக்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் குடுத்தா என்னங்க மிஸ்? நல்ல விசயம் எல்லாருகிட்டயும் இருக்கட்டுமே" என்று கோயில் முற்றத்தில் வைத்து நானே கேட்டேன். அவர் பன்னிரண்டு பெண்களை நெருக்கமாக நிற்கவைத்தார். "மேல மழை பத்துன்னு பக்கத்துல உள்ளவங்களுக்குச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் சொல்லுங்க. நான் நிப்பாட்டச் சொல்ற வரைக்கும் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லணும்."

சந்தை இரைச்சல். ஐந்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிட்டது.

"இப்ப யாருக்காவது புதுசா ஏதாவது தெரிஞ்சிச்சா?" என்றார் மிஸ்.

"இல்லைங்க."

"களைச்சுப் போயிட்டீங்க. போனும் அப்படித்தாங்க. பேசுறதுக்கு மட்டும் இல்ல, காது குடுத்துக்கிட்டு இருக்கிறதுக்கே அதுக்குப் பசிக்கும்."

"எங்களுக்குக் களைப்பெல்லாம் இல்லைங்க மிஸ், இது எங்க தினப்படி வேலைதானே" என்றாள் ஒருத்தி. அதற்கும் சிரிப்பு.

எதை எடுத்தாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இத எத்தன பேரு தூக்கணும்?" என் மனைவி தன் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்த கதையைச் சொன்னபோது, ஹக்குரு வெல்லம் கடித்துப் பிளேன்டீ குடித்தபடி முழுவதும் கேட்டுவிட்டு, "இத இன்னும் ஒருத்தருக்குச் சொல்லி வைங்க. அவசரத்துக்கு உதவும். மூணாவது ஆளுக்கு வேணாம், அக்காவுக்குத்தான் பாரம்" என்றார். தங்கியிருந்த அறைக்கு இரண்டு உபரிச் சாவி செய்து, ஒன்றை எங்கள் வீட்டிலும் மற்றதைக் கீழ் டிவிசனில் ஒரு வீட்டிலும் வைத்தார். "அது எதுக்குங்க மிஸ் அவ்வளவு தூரம்? பக்கத்து வீட்டுல வெச்சா என்ன?" என்று கேட்டாள் என் மனைவி. "ஒரே லயத்துல ரெண்டு சாவி இருந்தா அது ஒரு சாவிதாங்க. லயத்துக்கு ஒண்ணு ஆனா ரெண்டும் போயிடும்" என்றார். நானும் அவளும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். அவள் உடனே எங்கள் பிறப்புச் சான்றிதழ்களைப் படம் பிடித்துத் தன் அக்காவுக்கு அனுப்பவேண்டும் என்று நின்றாள்.

எனக்கு மனதில் தைத்தது வேறு ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்துவிட்டுப் புறப்பட்டார். நான் நூற்றியெட்டு நாமம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். "சாமி நம்பிக்கை இல்லைங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்குங்கய்யா. அதுனாலதான் ஒரு தரம் சொல்றேன். கேக்கும்னு நம்பிக்கை இல்லாட்டித்தானே திரும்பத் திரும்பச் சொல்லணும்?"

கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால் கோபம் நிற்கவில்லை. மறுநாள் நூற்றியெட்டும் சொன்னேன். ஆனால் ஒவ்வொன்றையும் முதல் தரம் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தேன்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு வைத்தால், மழை தாண்டியதைப் போன் இல்லாதவனும் பார்ப்பான் அல்லவா? கேட்டேன். "விளக்கு எரிஞ்சா அதுவே பெட்டியோட சார்ஜ சாப்பிட்டுடும். மூணு நாள் வெயில் இல்லாட்டிப் பெட்டி செத்துரும்" என்றார். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த இடத்தில் அவர் சிக்கனம் கொஞ்சம் அதிகமோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

மிஸ் கொழும்புக்குப் போகிற நாட்களில் யாராவது தோட்டத்தை விட்டுப் போனால், அந்தப் பொட்டை வேறு போனுக்கு மாற்றுவதற்கு ஒரு இரகசிய எண் வைத்திருந்தார். அதை இரண்டு பேருக்குத்தான் கொடுத்தார். கீழ் டிவிசனில் ஒருவர், இங்கே நான். கோயில் சாவி வைத்திருக்கிறவன் என்பதால் என்னை நம்பினார்.

எங்கள் லயத்திலோ புகைச்சல் கூடிக்கொண்டு வந்தது. பொட்டு ஆறு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, பழைய பாட்டரி உள்ள போன்களுக்கும் வெளியே நடமாடாதவர்களுக்கும் வரவேயில்லை. "எங்க போன மூளியாவே விட்டுட்டாங்களே, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?" என்று ஒரு அம்மா என் வீட்டு வாசலில் நின்று கண் கலங்கினாள். பிரசாதம் கொடுக்கும்போது ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கு இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோயில்காரனாக நாற்பது வருடம் நான் கற்றது அது ஒன்றுதான்: கொடுத்தால் எல்லாருக்கும் கொடு, யாரையும் விடாதே.

வைகாசித் திருவிழாவின் கடைசி நாள் மிஸ் கொழும்பில் இருந்தார். கரகம் இறங்கியதும் ஒரு தாம்பாளத்தில் எல்லாப் போனையும் வாங்கி அம்மன் முன்னால் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் அந்த எண்ணைப் போட்டுப் பச்சையை ஏற்றினேன். எல்லாம் சேர்த்து இருபத்தியொரு போன். பிறகு குங்குமம் கொடுத்தேன். பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த நிறைவை என்னவென்று சொல்ல!

ஆனால் யாரையும் விடவில்லை என்பதும் பொய். ஒரு வீட்டை விட்டேன். என் சொந்தத் தங்கச்சி வீட்டை.

மூன்று கதவு தள்ளி இருப்பவள். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. கோயில் நிலத்தில் மாட்டைக் கட்டினாள் என்று நாலு பேர் முன்னால் அந்த மாட்டை அவிழ்த்து விரட்டினேன். "சாமி உங்களுக்கு மட்டும் காணி எழுதிக் குடுத்துச்சா?" என்று அவளும் நாலு பேர் முன்னால் கேட்டாள். அதோடு சரி. அன்றைக்குத் தாம்பாளம் ஏந்திப் போனபோது அவள் வாசலில் நின்றாள். நான் அடுத்த கதவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் போனெல்லாம் கையில் சுட்டது. "அண்ணே, போன் அனலா இருக்கே" என்று காட்டினார்கள். "அம்மன் சக்தி இறங்கியிருக்கு" என்று ஒருவர் சொன்னார். நாங்கள் கும்பிட்டோம். எல்லாப் போனும் ஒன்றுக்கொன்று சுவரை ஊடுருவி, தெரிந்த செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்பது, கண் முன்னால் அதை நடத்திக் காட்டியும், எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எண் போட்டு ஏற்றிய பொட்டு சார்ஜ் இறங்கினாலும் தானாகக் கை மாறாது; முறை மாறித் தூங்குவதற்கும் இனிப் போன் இல்லை. எல்லாவற்றிலும் பொட்டு.

அன்று பகலே மழை பிடித்தது. ஒரு ரப்பர் மரம் கம்பியில் விழுந்து கரண்டும் போனது. அதற்கடுத்த நாள் விடியும்போது எங்கள் போன் ஒன்றிலும் உயிர் இல்லை.

காலை பத்து மணி போல நான் தொட்டிக்குப் போனேன். சட்டைப் பையில் செத்த போன். பெட்டிக்கு முன்னால் நின்று, வழக்கம்போல அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தண்ணீரைத் திறந்தேன். இறங்கி வந்தேன். பின்னால் மிஸ் பெட்டியைக் கழற்றித் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: அன்று எட்டு மணிக்கே மழை அளவைத் தாண்டிவிட்டது. பெட்டி அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தது. நான் தொட்டுக் கும்பிடும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இரண்டு மணி இருக்கும். என் கதவை யாரோ உடைப்பதுபோல் அடித்தார்கள்.

"அண்ணே! அண்ணே! வெளிய வாங்க! மலை எறங்கப் போகுது!"

என் தங்கச்சி. மாட்டுக்குப் புல் அறுக்கத் தொட்டிப் பக்கம் போயிருக்கிறாள். பொட்டு இல்லாத போன், தூங்கித் தூங்கி விழித்த போன், சார்ஜ் பாதிக்கு மேல் இருந்த போன். பெட்டிக்குப் பக்கத்தில் அது கண் விழித்து மணி அடித்திருக்கிறது. புல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒரு கதவு விடாமல் தட்டினாள். என் கதவையும் விடவில்லை.

எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறினோம். தலையை எண்ணினோம். அவள் புருசனைக் காணவில்லை. மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தார். அவர் கயிற்றில் கை வைக்கவும் கரை இறங்கவும் சரியாக இருந்தது. லயத்தின் கடைசி நாலு காம்பரா வீடும் மண்ணுக்குள் போனது. மச்சானைத் தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை கோயில் முற்றத்தில் விசாரணை. பெரிய மாத்தயாமார் வந்தார்கள், மிஸ்ஸுக்கு மேலே உள்ளவர்களும் வந்தார்கள். "போன் ஏன் அடிக்கல? ஒரே ஒருத்திக்கு மட்டும் எப்படி அடிச்சிச்சு? அதுவும் ஏன் பிந்தி அடிச்சிச்சு?" என்று சனங்கள் சத்தம் போட்டார்கள். மிஸ் என் போனை வாங்கி, சார்ஜ் ஏற்றி, எதையோ திறந்து பார்த்தார். எந்தப் போனில் எப்போது யாருடைய எண்ணால் பொட்டு ஏறியது என்று அதில் வரிசையாக இருந்திருக்கவேண்டும். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனை அணைத்து என் கையில் கொடுத்தார்.

"பொட்டு யாருக்கு எத்தனைங்கிறது என் பொறுப்பு. பிழை என்னோடது" என்றார் எல்லாருக்கும் கேட்க.

நான் வாயைத் திறக்கவில்லை. சொந்தத் தங்கச்சி எதிரே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். நான் அணைந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பெட்டியைக் கழற்ற அவர் மேலே போனபோது பின்னாலேயே போனேன். "மிஸ், நான் இப்பவே போய்ச் சொல்லிடுறேன்" என்றேன்.

அவர் திருகாணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "சொன்னா என்ன ஆகும்? இத்தன குடும்பமும் தினமும் தண்ணிப் பீலியில உங்களப் பாக்கணும். பாக்குற ஒவ்வொரு தரமும் அவங்களுக்கு அது பாரம். உங்க தங்கச்சிக்கு எல்லாரையும் விடப் பாரம். நான் நாளைக்குப் போயிடுவேன். இத நான் ஒருத்தி தூக்கினாப் போதும்ங்கய்யா."

"அது நியாயமில்லைங்க மிஸ்."

"நியாயம்னு சொல்லல. செலவு கம்மின்னு சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பெட்டியைக் குடைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினார். மறுநாள் போய்விட்டார்.

அதைக் கருணை என்றே வெகுகாலம் நினைத்து, விளக்கேற்றும்போதெல்லாம் அவருக்காகவும் ஒரு திரி போட்டேன். பிறகு மெல்ல மெல்ல எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரே லயத்தில் இரண்டு சாவி வைக்காதவர், உண்மையை மட்டும் ஏன் தன் ஒருத்தியிடம் வைத்துக்கொண்டு போனார்? இங்கே என்னிடம் ஒன்று இருக்கிறது, எப்போதாவது கொடுப்பேன் என்று நம்பினாரா? இல்லை, தன் பெயர் கெடுவதை அவர் ஒரு செலவாகவே எண்ணவில்லையா? அவரைப் பற்றி எத்தனையோ யோசித்திருக்கிறேன். இது மட்டும் பிடிபடவில்லை.

போன மாதம் வேறு ஆட்கள் புதுப் பெட்டியோடு வந்தார்கள். கூட்டத்தில் நம் சனங்கள், "அந்தப் போன் மிஸ் மாதிரி ஏமாத்திடாதீங்க" என்றார்கள். வந்த மாத்தயா, "ஹரி, ஹரி", சரி சரி என்று சொல்லிக்கொண்டே கொப்பியில் சிங்களத்தில் எழுதினார். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். முன்பு வந்தவரின் பெட்டி வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். பேச்சாக இருந்தவரை காற்றோடு போகும் என்று இருந்தேன். இப்போது எழுத்தில் ஏறிவிட்டது. இனி அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பிக்கு, அங்கிருந்து ஒரு ஆபீசுக்கு என்று அது தானாகவே போய்க்கொண்டிருக்கும்.

அன்றைக்கு உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் முதலில் என் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கட்டைக்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். எட்டு மணி என்று வருகிற வரியை மட்டும் மறுபடியும் வாசித்தேன்.

மச்சான்தான் முதலில் பேசினார். "எட்டு மணிக்குத் தெரிஞ்சிருந்தா மாட்ட அவுத்துக் கோயில் மேட்டுல கட்டிட்டு, அங்கேயே ஒக்காந்து ஒரு வெத்தல போட்டிருப்பேன் மச்சான்." பிறகு, "கோயில் நெலத்துல கட்ட நீங்க விட்டிருப்பீங்களோ என்னமோ" என்றார்.

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. கையெல்லாம் பலாப்பால்.

"அந்த மிஸ் போன அன்னிக்கு, ஆட்டோவ வழியில நிப்பாட்டி மண்ண அள்ளித் தூத்தினேன் அண்ணே. 'நீ நல்லா இருக்கமாட்ட'ன்னு சொன்னேன். அவங்க எறங்கி வந்து, 'அவருக்குப் புண்ணு ஆறிடுச்சா'ன்னு கேட்டாங்க. நான் அதுக்கும் காறித் துப்பினேன்."

இது எனக்குத் தெரியாது. அன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இதையும் எழுதுங்க" என்றாள்.

"வேணாம்மா. உன் பேரு எதுக்கு?"

"உங்களோடத எழுதியிருக்கீங்கல்ல? என்னோடதையும் எழுதுங்க. அழகா எழுதாதீங்க. துப்பினேன்னே எழுதுங்க."

தங்கச்சி எழுந்துபோய் டீ போட்டு, டம்ளரை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இன்னொருவருக்குச் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, எல்லாம் அம்மன் சோதனை என்று சேர்த்துவிடாதீர்கள். அவள் என்னைச் சோதிக்கவில்லை, ஒரு வீட்டைத் தாண்டிப் போனவன் நான். என் தங்கச்சிமேல் இரக்கப்பட்டு அவள் துப்பியதை விட்டுவிடாதீர்கள். மிஸ்ஸைத் தெய்வம் என்றும் ஆக்கிவிடாதீர்கள். பெட்டிக்கு ஒரு விளக்கு வைத்திருக்கலாம் என்று நான் எழுதியதும் அப்படியே போகட்டும். இது கை மாறி, வாய் மாறி, எங்கேயாவது ஒரு நாள் அவர் காதில் விழும். அப்போது, பெட்டி எட்டு மணிக்குச் சரியாகத்தான் சொன்னது, கேட்பதற்குத்தான் எங்களிடம் காது இல்லாமல் போயிற்று என்ற இந்த வரி ஒரு சொல்லும் கூடாமல், ஒரு சொல்லும் குறையாமல் விழவேண்டும்.